தையலுக்கும் வீட்டில் ஓர் இடம் வேண்டும்

(தோட்டத் தொழிலாளர் சங்கக் கிளையொன்றின் மாதர் பகுதிக் கூட்டத்தில், வீட்டிலிருந்து தையல் தொழில் செய்யும் அம்மையார் ஒருவர் நிகழ்த்திய உரை)





நான் மேடைப் பேச்சுப் பழகியவள் அல்லள். பால்வெட்டுத் தொழிலாளிகளின் மகள். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகத் தையல் மிஷினோடு வாழ்ந்து வருகிறவள். சங்க மேடையில் சம்பளத்தைப் பற்றியும் வீட்டு வசதியைப் பற்றியும் பலர் பேசக் கேட்டிருக்கிறீர்கள். என்னையோ, வீட்டில் தையலுக்கென்று ஓர் அறையை எப்படி ஒழுங்கு செய்துகொள்வது என்று பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார்.

நான் உள்ளே வரும்போது வாசலில் ஓர் அக்காள், "படுக்கவே இடத்தைக் காணோம், இதிலே தையலுக்கு வேறு அறையாம்!" என்று சொல்லிச் சிரித்தது என் காதில் விழுந்தது. அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. அந்த அக்காளுக்குப் பதில் சொல்வதுதான் இன்று என் பேச்சு.

அஞ்சடியில் இருந்த மிஷின்

1964ஆம் ஆண்டு எனக்கு வயது ஏழு. சுங்கைப்பட்டாணிப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டம். லயத்து வீடு. ஓர் அறை, ஓர் அடுப்படி, முன்னால் அஞ்சடி. அதில் நாங்கள் ஏழு பேர். அப்பாவும் அம்மாவும் பால்வெட்டுக்காரர்கள். விடியுமுன் பெரட்டுக்குப் போனால், பாலை ஸ்டோரில் கொண்டுபோய் நிறுத்துப் போட்டுவிட்டுத் திரும்பப் பிற்பகல் ஆகிவிடும்.

அம்மா தவணை முறையில் ஒரு கால்மிஷின் வாங்கினார். மாதம் பத்து வெள்ளி. லயத்துப் பெண்களுக்கு ரவிக்கை தைப்பார். தீபாவளி நெருங்கினால் பிள்ளைகளுக்குக் கவுன், சட்டை. இதெல்லாம் இரவில்தான். மிஷின் அஞ்சடியில் இருக்கும். மழை வந்தால் நானும் அண்ணனும் அதைத் தூக்கி உள்ளே வைப்போம். மழை விட்டால் மறுபடி வெளியே. கத்தரிக்கோலைக் கருவாடு வெட்ட எடுத்துக்கொண்டு போவோம். நூற்கண்டு உருண்டு கோழிக்கூட்டின் அடியில் கிடக்கும். மண்ணெண்ணெய் விளக்கை அம்மாவின் முதுகுப் பக்கத்து ஆணியில் மாட்டுவோம். அம்மாவின் நிழல் அம்மாவின் கையிலேயே விழும். ஒரு மணி நேரத் தையலுக்கு அரைமணி நேரம் தேடல்.

ஓர் இரவு நான் ஊசி ஒன்றைப் பாயில் தவறவிட்டேன். அம்மாவிடம் சொல்லப் பயந்து சொல்லாமல் படுத்துவிட்டேன். காலையில் அது தம்பியின் உள்ளங்காலில் ஏறிவிட்டது. தோட்டத்து டிரசர் ஐயா அதை எடுப்பதற்குள் அவன் போட்ட கூச்சல் இன்றும் என் காதில் இருக்கிறது.

அப்பாவுக்கு வந்த கோபத்தைக் கேட்க வேண்டாம். "நாளைக்கே இந்த மிஷினைக் கடைக்காரன்கிட்ட திருப்பிக் கொடுத்திடு" என்றார். அம்மா அப்போது ஒன்றும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமை அப்பா உளி தீட்டிக்கொண்டிருக்கும்போது கேட்டார்.

"ஏங்க, இந்த உளியை எங்கே வைக்கிறீங்க?"

"எங்கே வைப்பேன்? சுவத்துல, ஆணியிலதான்."

"பிள்ளைங்க தொடுதுங்களா?"

"தொட்டுப் பாக்கட்டும்!"

"என் ஊசிக்கும் கத்தரிக்கும் அப்படி ஓர் ஆணி அடிச்சுக் குடுங்க. அதுக்கப்புறமும் பிள்ளை காலுல ஊசி ஏறினா, மிஷினை நானே கொண்டுபோய்க் கொடுத்திடுறேன்."

அப்பா சற்று நேரம் உளியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்துபோய், உடைந்த பெட்டிப் பலகையைக் கொண்டுவந்து சன்னலுக்குப் பக்கத்தில் ஓர் அலமாரி அடித்தார். சன்னலின் கீழ் நாலடி நீளம், மூன்றடி அகலத்துக்குச் சிமெண்டுத் தரையில் சுண்ணாம்பால் கோடு போட்டார். "இந்தக் கோட்டுக்குள்ளே அம்மாவைத் தவிர யாரும் கால் வைக்கக்கூடாது" என்றார். அதுதான் எங்கள் வீட்டுத் தையல் அறை. அதற்குச் சுவரில்லை, கதவில்லை. ஆனால் அன்று முதல் அம்மா தைக்கும்போது, "சும்மாதானே உட்கார்ந்திருக்கிறாய், தண்ணி கொண்டா" என்று யாரும் சொன்னதில்லை. அம்மா வேலை செய்கிறார் என்பது எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

தாய்மார்களே! நான் சொல்ல வந்த விஷயம் இதுதான். அறை கிடைத்தவர்கள் பாக்கியசாலிகள். கிடைக்காதவர்கள் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஒரு நிலையான இடம், அந்த இடத்துக்கு ஓர் ஒழுங்கு, அங்கே நடக்கும் வேலைக்கு ஒரு கணக்கு ஆகிய மூன்றும் இருந்தால் அது தொழில். இம்மூன்றும் இல்லாவிட்டால், எத்தனை இரவு கண் விழித்தாலும் அதைப் பொழுதுபோக்கு என்றுதான் சொல்வார்கள்.

சிறைக்குள் தைத்த போர்வைகள்

இடம் சிறிது என்று கலங்குகிறவர்களுக்கு ஒரு செய்தி சொல்கிறேன். 1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. வெள்ளைக்காரக் குடும்பத்துப் பெண்களையும் பிள்ளைகளையும் சாங்கிச் சிறையில் அடைத்தார்கள். கணவன்மார் உயிரோடு இருக்கிறார்களா என்பதே பலருக்குத் தெரியாது. அந்தச் சிறையில் எத்தல் முல்வானி என்ற கனடா நாட்டு அம்மையார் ஒரு யோசனை சொன்னார். ஆளுக்கு ஒரு சிறு சதுரத் துணி. அதில் தன் பெயரையும் தன் மனத்தில் உள்ளதையும் நூலால் தைக்க வேண்டும். அவற்றைச் சேர்த்து மூன்று போர்வைகள் செய்தார்கள். ஒவ்வொன்றிலும் 66 சதுரங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் நோயாளிகளுக்கு என்று சொல்லி அனுப்பினார்கள். அந்தப் பெயர்களைப் பார்த்து, தங்கள் மனைவி உயிரோடிருக்கிறாள் என்று ஆண்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது உள் நோக்கம். அவற்றுள் இரண்டு போர்வைகள் ஆஸ்திரேலியாவில் கான்பரா நகரத்துப் போர் நினைவகத்தில் இருக்கின்றன. ஒன்று பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கத்திடம் இருக்கிறது.

அதே காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைச் சயாம் ரயில் பாதைக்கு இழுத்துச் சென்றார்கள் என்பதை நாம் மறக்கவில்லை. அவர்கள் பெயரை எந்தத் துணியிலும் யாரும் தைத்து வைக்கவில்லை. அந்த ஏக்கம் நமக்கு உண்டு. ஆயினும் சிறைக் கொட்டடியில், நெருக்கத்தில், கிடைத்த துணியையும் நூலையும் வைத்துக்கொண்டு அந்தப் பெண்கள் செய்த வேலையைக் கண்டு நாம் ஊக்கம் பெறலாம்.

வெளிச்சமும் உயரமும்

இனி, இடத்தை எப்படித் தேர்ந்தெடுப்பது? முதலில் வெளிச்சத்தைப் பாருங்கள். வலக்கைப் பழக்கமுள்ளவர்கள் உட்கார்ந்தால், சன்னல் இடப் பக்கமாகவோ இடது முன்பக்கமாகவோ இருக்க வேண்டும். அப்போது கை நிழல் ஊசிமேல் விழாது. முதுகுக்குப் பின்னால் விளக்கு வைப்பது கண்ணுக்குச் செய்யும் துரோகம். என் தாயார் கண்ணைக் கெடுத்துக்கொண்டதில் அந்த விளக்குக்கும் பங்குண்டு என்றே நான் நம்புகிறேன். இன்று கழுத்து வளையும் சிறிய எல்.இ.டி. விளக்குகள் மலிவாகக் கிடைக்கின்றன. அதை மிஷினுக்கு இடப் பக்கத்தில் வையுங்கள்.

அடுத்தது உயரம். மிஷின் மேசை ஏறத்தாழ 29 அல்லது 30 அங்குலம் இருந்தால் போதும். ஆனால் துணி வெட்டுவதை அந்த மேசையில் குனிந்துகொண்டு செய்யாதீர்கள். தரையில் பரப்பி வெட்டுவது இன்னும் மோசம். காலையெல்லாம் மரத்தடியில் குனிந்த முதுகு மாலையிலும் குனிந்தால் என்ன ஆகும்? வெட்டும் மேசை, நின்றபடி வேலை செய்ய, 36 அங்குல உயரம் இருக்க வேண்டும். சாப்பாட்டு மேசையின் கால்களுக்கு அடியில் ஆடாத மரக்கட்டைகள் கொடுத்து உயர்த்திக்கொள்ளலாம். அல்லது நாலடிக்கு இரண்டடிப் பலகையைச் சுவரில் கீல் வைத்துப் பொருத்தினால், வேண்டும்போது விரித்து, வேண்டாதபோது மடித்துவிடலாம். தோட்ட வீடானால், சுவரில் கீல் அடிக்குமுன் நிர்வாகத்திடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். பிறகு அதற்கொரு வழக்கு வேண்டாம்.

மிஷின், வெட்டும் பலகை, இஸ்திரிப் பெட்டி இம்மூன்றும் இரண்டு எட்டுக்குள் இருக்கட்டும். ஆனால் இஸ்திரிப் பெட்டியையும் மிஷினையும் ஒரே நீட்டிப்புக் கம்பியில் செருகாதீர்கள். இஸ்திரிப் பெட்டி மின்சாரத்தை வெகுவாக இழுக்கும். பழைய வீட்டுக் கம்பிகள் தாங்கா. அதற்குச் சுவர்ச் சுவிட்சு தனியாக வேண்டும். வேலை முடிந்ததும் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, செருகியையும் பிடுங்கிவிடுங்கள்.

கருவிகளுக்குக் கட்டுப்பாடு

பால்வெட்டும் தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. உளி மழுங்கினால் பட்டை காயப்படும், பால் குறையும். அந்த உளியை எடுத்து விறகு வெட்டுவாரா எவரும்? துணிக் கத்தரியும் அப்படித்தான். துணிக்கு ஒன்று, காகிதத்துக்கு ஒன்று. துணிக் கத்தரியின் பிடியில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டி வையுங்கள். வீட்டில் உள்ள சின்னப் பிள்ளைக்கும் அது புரிந்துவிடும்.

மிஷின் ஊசியில் இலக்கம் உண்டு. மெல்லிய வாயில், மஸ்லின் துணிக்கு 11. சாதாரணப் பருத்திக்கு 14. ஜீன்ஸ் போன்ற முரட்டுத் துணிக்கு 16. ஒரே ஊசியை உடையும்வரை ஓட்டுவது நம்மில் பலருக்குப் பழக்கம். எட்டு மணி நேரத் தையலுக்கு ஒரு தடவை மாற்றுங்கள். நூல் அறுவதற்கும், தையல் விட்டுவிட்டுப் போவதற்கும் பாதிக்கு மேல் காரணம் மழுங்கிய ஊசி என்பது என் அனுபவம். மிஷினுக்குத் தேங்காயெண்ணெய் விடாதீர்கள். நாளடைவில் பிசினாகிப் பல்சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். மிஷின் எண்ணெய்தான் விட வேண்டும். பாபின் பெட்டியில் சேரும் பஞ்சுத் தூசியை வாரம் ஒருமுறை தூரிகையால் தட்டி எடுங்கள்.

ஊசிக் கணக்கை ஒரு நாளும் விடக்கூடாது. காலையில் எத்தனை ஊசி எடுத்தோமோ, மாலையில் அத்தனை ஊசி மெத்தையில் குத்தியிருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் அது கிடைக்கும்வரை பாய் விரிக்கக்கூடாது. பழைய வானொலியின் ஒலிபெருக்கியில் இருக்கும் காந்தத்தைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்தால் விழுந்த ஊசி ஒட்டிக்கொள்ளும். உடைந்த ஊசிகளை மூடியுள்ள டின்னில் போடுங்கள். என் தம்பியின் காலை நினைத்துக்கொண்டு இதைச் சொல்கிறேன்.

துணியைக் காப்பாற்றுவது

நம் நாடு மழையும் வெக்கையும் கலந்த நாடு. துணியை ஈரப்பதத்தோடு பிளாஸ்டிக் பையில் கட்டி வைத்தால், திறக்கும்போது பூஞ்சணம்தான் மிஞ்சும். புதுப் பருத்தித் துணியை வாங்கியதும் அலசி, வெயிலில் காய வைத்து, இஸ்திரி போட்டு, பிறகு வெட்டுங்கள். சுருங்குவதானால் முன்பே சுருங்கட்டும். சாயம் போவதானால் முன்பே போகட்டும். தரையில் துணி மூட்டை வைக்காதீர்கள். வெள்ளம் வரும் இடங்களில் இருப்பவர்களுக்கு இதன் அருமை தெரியும். பிஸ்கட் டின்கள், மைலோ டின்கள் எல்லாம் நமக்குக் கிடைத்த இலவச அலமாரிகள். ஒவ்வொன்றின் மேலும் உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள். மாதம் ஒருமுறை எல்லாவற்றையும் வெயில் காட்டுங்கள்.

இங்கே ஒரு கடுமையான எச்சரிக்கை. குழந்தைத் துணியிலும் குழந்தைப் போர்வையிலும் அந்துருண்டை வைக்காதீர்கள். ஜி6பிடி குறைபாடு என்று ஒன்று உண்டு. அந்தக் குறைபாடுள்ள குழந்தைகளுக்கு அந்துருண்டையின் ஆவியே இரத்தத்தின் சிவப்பணுக்களை உடைத்துக் கடுமையான காமாலையை உண்டாக்கக்கூடும். நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் பிறந்த குழந்தைக்கு இதற்கென்று பரிசோதனை செய்கிறார்கள். தைத்துக் கொடுக்கும் போர்வை எந்தக் குழந்தைக்குப் போகும் என்று நமக்குத் தெரியாது. ஆகவே அந்துருண்டை வேண்டவே வேண்டாம். நன்றாகக் காய்ந்த வேப்பிலையைத் துணியில் முடிந்து வைத்து, வெயிலும் காட்டி வந்தால் போதும்.

கட்டிப்பாலும் ஒட்டுத்துணியும்

மங்கில் உறைந்த கட்டிப்பாலையும் மரத்தில் ஒட்டிய கோட்டுப்பாலையும் நாம் வீசிவிடுகிறோமா? கூடையில் சேர்த்து நிறுத்துக் காசு வாங்குகிறோம். ஆனால் ரவிக்கை வெட்டி மிஞ்சிய துணியை மட்டும் குப்பையில் போடுகிறோம். அதுவும் கட்டிப்பால்தான். வங்காளத்துப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கித் தைக்கும் காந்தாப் போர்வையும், கன்னட நாட்டுக் கவுதியும், நம் மலாய்ச் சகோதரிகள் வெட்டுத் துணியில் தைக்கும் போர்வையும் இப்படிப் பிறந்தவையே.

மூன்று டின்கள் வையுங்கள். ஐந்து அங்குலச் சதுரம் வெட்டக்கூடிய துண்டுகள் ஒன்றில். நீளப் பட்டைகள் இன்னொன்றில். இரண்டு அங்குலத்துக்குக் குறைந்தவை தலையணைக்குள் அடைக்க மூன்றாவதில். பருத்தியைப் பருத்தியோடு சேருங்கள். வழுக்கும் நைலானை அதில் கலக்காதீர்கள். இஸ்திரி படும்போது ஒன்று தாங்கும், மற்றொன்று உருகும்.

ஒரு பிள்ளைப் போர்வைக்கு ஐந்து அங்குலச் சதுரங்கள் 108 வேண்டும். குறுக்கே 9, நெடுக்கே 12. இழை நேராக ஓடும்படி வெட்டுங்கள். கோணலாக வெட்டினால் துணி இழுபடும். நாலு பக்கமும் காலங்குலம் தையலுக்குப் போக, ஒவ்வொன்றும் நாலரை அங்குலமாக நிற்கும். போர்வை நாற்பதரை அங்குல அகலம், 54 அங்குல நீளம் வரும். இதில் அளவு தவறக்கூடாது. காலங்குலம் பிடிக்க வேண்டிய இடத்தில் நீங்கள் அரைக்கால் அங்குலம் கூடுதலாகப் பிடித்தால், இரண்டு துண்டிலும் சேர்த்து ஒரு தையலுக்குக் காலங்குலம் போகும். நெடுக்கே பதினொரு தையல். ஆகப் போர்வையில் இரண்டே முக்கால் அங்குலம் காணாமற்போகும். ஆதலால் ஊசியிலிருந்து காலங்குலம் தள்ளி மிஷின் தகட்டில் ஒரு தடித்த ஒட்டுத்தாளை ஒட்டுங்கள். துணியின் ஓரம் அதை உரசிக்கொண்டே போகட்டும்.

நிறங்களைப் பார்க்கச் சுவரில் ஒரு பழைய கம்பளித் துணியைத் தொங்கவிடுங்கள். பருத்தித் துண்டுகளை அதில் வைத்தால் ஊசி இல்லாமலே ஒட்டிக்கொள்ளும். ஆறடி பின்னால் வந்து பாருங்கள். எந்த நிறம் எங்கே தூக்கி நிற்கிறது, எது அமுங்கிப் போகிறது என்பது அப்போது தெரியும். கடைகளில் விற்கும் தடித்த பஞ்சு விரிப்பு குளிர் நாட்டுக்கு ஏற்றது. நம் வெக்கைக்கு நடுத்துணியாகப் பழைய பருத்திச் சேலையோ வேட்டியோ போதும். மேல், நடு, அடி என்ற மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி நூலோட்டுங்கள்.

செக்ரோல் எங்கே?

நிற்க. இவ்வளவு ஒழுங்கும் செய்த பிறகு நான் செய்த ஒரு மடத்தனத்தைச் சொல்ல வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் பட்டணத்துக் கடைக்காரர் ஒருவர் என் போர்வைகளை வாங்கிக்கொண்டார். ஒன்றுக்கு 80 வெள்ளி. எனக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. என் மகள் கிராணி வேலை பார்க்கிறவள். ஒரு நாள் அவள், "அம்மா, உங்க செக்ரோல் எங்கே?" என்றாள். "எனக்கேதுடி செக்ரோல்?" என்றேன். "தோட்டத்துலே ஒருத்தர் எத்தனை நாள் வேலைக்கு வந்தார், எவ்வளவு பால் எடுத்தார்னு எழுதாம சம்பளம் போட்டா ஒத்துக்குவீங்களா?" என்று கேட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தை என் கையில் கொடுத்தாள்.

உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் எழுதினேன். ஒரு போர்வைக்கு 40 மணி நேரம். துணி, நூல் செலவு 20 வெள்ளி. மிஞ்சியது 60. மணிக்கு ஒன்றரை வெள்ளி! மிஷின் தேய்மானமும் மின்சாரமும் அதற்குள்ளேதான். 2025 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. வாரத்துக்கு ஆறு நாள் வேலை என்று கணக்கிட்டால் நாளொன்றுக்கு 65 வெள்ளி 38 காசு. எட்டு மணி நேரத்துக்கு வகுத்தால் மணிக்கு எட்டு வெள்ளிக்கு மேல் வருகிறது. அந்தக் கணக்கில் என் போர்வைக்கு 40 மணி நேரக் கூலியே 320 வெள்ளி. அத்தனையும் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பதாவது நமக்குத் தெரிய வேண்டாமா? கடைக்காரர் என்னை ஏமாற்றினார் என்று நான் குறை சொல்ல மாட்டேன். நான் கணக்கு வைக்கவில்லை. அவர் வைத்திருந்தார்.

ஆகவே உங்கள் தையல் இடத்தில் மிஷினுக்கு அடுத்தபடியாக ஒரு நோட்டுப் புத்தகம் தொங்க வேண்டும். தேதி, நேரம், துணிச் செலவு, யாருக்கு, எவ்வளவு, பாக்கி எவ்வளவு. மிஷினைத் தவணையில் வாங்குகிறவர்கள் ரசீதுகளையும் அங்கேயே ஆணியில் குத்தி வையுங்கள். தவணைக் கொள்முதலுக்கென்று 1967ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் முன்னறிவிப்புக் கொடுக்காமல் பொருளை இழுத்துச் செல்ல அது இடங்கொடுக்காது. இன்னொன்றும் கேளுங்கள். சொக்சோவில் இல்லத்தரசிகளுக்கென்று ஒரு பாதுகாப்புத் திட்டம் 2022 டிசம்பரில் தொடங்கியது. ஆண்டுச் சந்தா 120 வெள்ளி. சொந்தத் தொழில் செய்கிறவர்களுக்கு 2017ஆம் ஆண்டுச் சட்டம் தனியாக இருக்கிறது. உங்களுக்கு எது பொருந்தும் என்று கிளை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

ஒருத்தியாக அல்ல, சேர்ந்து

அமெரிக்காவில் அலபாமா மாநிலம் பருத்திக்காடு நிறைந்தது. அங்கே வில்காக்ஸ் வட்டாரத்துக் கறுப்பினப் பெண்கள் நம்மைப் போலவே தோட்டத்து ஏழைகள். வயலில் உழைத்துக் கிழிந்த கால்சட்டைகளையும் சட்டைகளையும் வெட்டிப் போர்வை தைத்தார்கள். ஓட்டுரிமை கேட்டதற்காகப் பல குடும்பங்கள் நிலத்தைவிட்டு வெளியேற்றப்பட்ட காலம் அது. 1966ஆம் ஆண்டு அந்தப் பெண்கள் 'பிரீடம் குவில்ட்டிங் பீ' என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்கள். விடுதலைப் போர்வைச் சங்கம் என்று நாம் சொல்லலாம். போர்வைகளை நியூயார்க் நகரத்தில் ஏலம் விட்டார்கள். நிலம் வாங்கி, 1969இல் சொந்தத் தையற்கூடமும் கட்டினார்கள். அந்தச் சங்கம் 2012இல் முடிந்துபோயிற்று. ஆனாலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அது பல வீடுகளில் அடுப்பு எரிய உதவியது.

நாமும் சிறிய அளவில் செய்யலாம். லயத்திலோ தாமானிலோ பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஐந்து பேர் சேருங்கள். பெரிய வெட்டு மேசை ஒன்றைப் பொதுவாக வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க மண்டபத்தில் மேசைகளை ஒட்டிப் போட்டு, போர்வைகளை விரித்து நூலோட்டுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே விலைப் பட்டியல் போடுங்கள். ஒருத்திக்கு ஒரு விலை என்றால் கடைக்காரர் குறைந்த விலைக்காரியைத் தேடித்தான் போவார். சங்கம் என்ன செய்யும் என்பதை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை.

பின் வரிசைத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் தொலைக்காட்சிக்கு இடம் ஒதுக்கினோம். மோட்டார் சைக்கிளுக்கு இடம் ஒதுக்கினோம். உங்கள் துணைவி சம்பாதிக்கும் இடத்துக்கு நாலடிக்கு மூன்றடி ஒதுக்குங்கள். பலகை அடிப்பது உங்கள் வேலை. அவர் தைக்கும் நேரத்தில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வதும் உங்கள் வேலைதான்.

முடிக்கிறேன். நான் பிறந்த தோட்டத்தில் இன்று ரப்பர் இல்லை. செம்பனை நிற்கிறது. லயங்களை இடித்தபோது நான் போயிருந்தேன். அப்பா போட்ட சுண்ணாம்புக் கோடு என்றோ அழிந்துபோயிருந்தது. ஆனால் சன்னல் பக்கத்து அலமாரிப் பலகை இடிபாட்டில் கிடந்தது. அதில் இரண்டு ஆணிகள் துருப்பிடித்து அப்படியே இருந்தன. ஒன்றில் கத்தரி தொங்கும், இன்னொன்றில் ஊசி மெத்தை தொங்கும். அந்தப் பலகையைத் தூக்கி வந்து என் மிஷினுக்கு மேலே அடித்திருக்கிறேன். தினமும் காலையில் அந்த ஆணியிலிருந்துதான் கத்தரியை எடுக்கிறேன்.

வாசலில் சிரித்த அக்காள் எங்கே இருக்கிறாரோ தெரியவில்லை. அக்கா, இன்று வீட்டுக்குப் போனதும் முதலில் ஓர் ஆணி அடியுங்கள். மற்றதெல்லாம் பிறகு தானாக வரும்.